பைக் பழுதுக்குப் பணம் தருகிறார்கள், முறிந்த மணிக்கட்டுக்கு மறுக்கிறார்கள். என்ன செய்வது?

ஒற்றைக்கை: எதிரே வந்த கார் என் குறுக்கே திரும்பியதில் பைக்கோடு விழுந்தேன். அன்றே எக்ஸ்ரே எடுத்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கட்டைவிரலின் அடியில் வலி மட்டும் விடவில்லை. 12 நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போனேன். மணிக்கட்டிலுள்ள ஸ்கேபாய்டு என்ற சிறு எலும்பு முறிந்திருக்கிறதென்று மாவுக்கட்டுப் போட்டார்கள். காரின் காப்பீட்டு நிறுவனமோ, ‘முதல் எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, 12 நாள் சிகிச்சை இடைவெளி, விபத்துக்கு உங்கள் வேகமும் காரணம்’ என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. நான் பொய் சொல்வதாக நினைக்கிறார்களா?

பழைய கோப்பு: அப்படி நினைக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை, தம்பி. காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அங்கே ஆளைப் பார்ப்பதில்லை, தேதிகளைத்தான் பார்ப்போம். நடுவில் 12 நாள் காலியாக இருந்தால், ‘வேறெங்காவது விழுந்திருக்கலாம்’ என்று எழுத ஒரு நிமிடம் போதும். வேகம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? போனில் ஏதாவது பேசினீர்களா?

ஒற்றைக்கை: மறுநாள் அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் போனில் கனிவாக விசாரித்தார், ஐயா. ‘கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன்’ என்றேன். இப்போது எப்படி இருக்கிறது என்றதற்கு, ‘பரவாயில்லை’ என்றேன்.

பழைய கோப்பு: அந்தப் ‘பரவாயில்லை’ கோப்பில் ஏறிவிட்டது. ‘கொஞ்சம் வேகம்’ அதைவிட மோசம். தவற்றில் உங்கள் பங்கு இத்தனை விழுக்காடு என்று போட்டால் தொகை அந்த அளவுக்குக் குறையும். சில இடங்களில் பாதியைத் தாண்டினால் ஒன்றுமே கிடைக்காது. பைக்காரன் என்றாலே வேகம் என்ற நினைப்பு வேறு. அந்தப் போன் பேச்சுப் பதிவின் நகலைக் கேளுங்கள். கார் திரும்பிய இடம், பைக்கில் அடிபட்ட பக்கம், இவற்றின் படங்களை வைத்து வேகத்துக்குத் தனியாகப் பதில் எழுதுங்கள். கையைப் பற்றிய பேச்சை அதில் கலக்காதீர்கள்.

நிழல்படம்: எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறேன். கையை ஊன்றி விழுபவர்களுக்கு மணிக்கட்டின் சிறு எலும்புகளில் அடிக்கடி முறிவது இதுதான். முதல் நாள் படத்தில் தெரியாமல் போவதும் சகஜம். சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு அனுப்பி, 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி படம் எடுப்பார்கள். உங்கள் 12 நாள் அதற்குள்தான் வருகிறது! முதல் நாள் சீட்டில் மருத்துவர் கையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்?

ஒற்றைக்கை: இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சீட்டின் மூலையில், ‘வலது மணிக்கட்டு, கட்டைவிரல் பக்கம் அழுத்தினால் வலி’ என்று கிறுக்கியிருக்கிறார். இத்தனை நாளும் என் கண்ணில் படவில்லை.

நிழல்படம்: அந்த ஒரு வரி போதும். அதைக் காட்டி, முறிவு முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும் என்று எலும்பு மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள்.

பழைய கோப்பு: மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி மறுப்புக் கடிதத்தில் இருக்கிறதா, பாருங்கள். இன்னொன்று: பைக் பணத்துக்கான படிவத்தில் ‘அனைத்துக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதியான தீர்வு’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் கையும் அதோடு போயிற்று.

ஒற்றைக்கை: நாளைக் காலை கையெழுத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள், ஐயா. மூன்றாம் பக்கத்தில் அதே வரி இருக்கிறது. போகப் போவதில்லை.