ரிஃப்ட் வேலி காய்ச்சலுக்குத் தமிழில் என்ன பெயர்?

க. எழுதியது:
வணக்கம். கால்நடை மருத்துவ மாணவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆடுமாடுகளுக்கும் மனிதருக்கும் வரும் வைரஸ் நோயான ரிஃப்ட் வேலி காய்ச்சலைப் புவியியல் பாட வழக்கை ஒட்டி 'பிளவுப் பள்ளத்தாக்குக் காய்ச்சல்' என்று எழுதியிருக்கிறேன். தலைப்பில் சரி, ஆனால் பத்திக்குப் பத்தி வருகிறது, வாய் வலிக்கிறது. சுருக்கமாக ஒன்று சொல்லுங்கள்.

ம. எழுதியது:
'விடர்க்காய்ச்சல்' எனலாம். மலைப்பிளப்புக்குச் சங்கப் பாடல்களில் விடர் என்ற சொல் உண்டு. விடரகம், விடர்முகை என்றெல்லாம் வரும். விள், விடு, விடர் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. நிலவெடிப்புக்குக் 'கமர்' என்றும் சொல் இருக்கிறது. அரிவாட்டாய நாயனார் கொண்டுபோன மாவடு விழுந்தது கமரில்தானே! இவ்வளவு இருக்க, பிளவும் பள்ளத்தாக்கும் எதற்கு?

ச. எழுதியது:
ஐயா, விடர் என்றால் காமுகர் என்றும் பொருள். மாணவர்கள் பால்வினை நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். கமர் வயல்வெடிப்பு, கிழக்கு ஆப்பிரிக்காவை நெடுக வகிர்ந்து கிடக்கும் பள்ளத்தாக்குக்கு அது போதாது. எனக்கு இடப்பெயரே பிடிக்கவில்லை. 1931-இல் கென்யாவில் ஆட்டுப்பண்ணை ஒன்றில் கண்டார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அங்கேயா நின்றது? 1977-இல் எகிப்துக்கும், 2000-இல் சவூதி அரேபியாவுக்கும் ஏமனுக்கும் பரவியது. புது நோய்களுக்கு ஊர்ப்பெயர் வைக்கவேண்டாம் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது, தவிர்க்கவேண்டிய பெயருக்கு எடுத்துக்காட்டாக இதையும் காட்டியது. கன்றுவீச்சு என்றால் கால்நடைகளின் கருச்சிதைவு. 'கொசுவழிக் கன்றுவீச்சுக் காய்ச்சல்' என்று வைத்தால் நோயே விளங்கும்.

த. எழுதியது:
கொசுவா, நுளம்பா? ஈழத்து மாணவர்களையும் நினையுங்கள். வைரஸுக்கு 'நச்சுயிரி'யா, 'தீநுண்மி'யா என்பதையும் இதோடு முடித்துவிடலாம்.

வ. எழுதியது:
தம்பி, நச்சுயிரிச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன், 'கன்றுவீச்சு' கூடாது. அது புருசெல்லா பாக்டீரியா நோய்க்கு ஏற்கெனவே வழங்கும் பெயர்.

அதைவிட, பெயரில் கொசுவை வைப்பதுதான் எனக்குப் பயம். கொசுவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஏடிஸ் கொசுவின் முட்டைக்குள்ளேயே வைரஸ் தங்கி, காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பெருமழையில் பள்ளங்கள் நிரம்பினால் பொரித்துக் கிளம்பும். மந்தையில் சினை ஆடுகள் வரிசையாகக் குட்டி வீசும், பிறந்த குட்டிகளும் மடியும். ஆனால் மனிதருக்குப் பெரும்பாலும் தொற்றுவது கொசுக்கடியால் அல்ல. செத்து விழுந்த குட்டியை வெறுங்கையால் எடுப்பவர், நஞ்சுக்கொடியை அள்ளுபவர், ஆட்டை அறுப்பவர், இவர்களுக்கு இரத்தத்தின் வழியே ஒட்டுகிறது. பலருக்குச் சாதாரணக் காய்ச்சலாகப் போய்விடும். சிலருக்குப் பார்வை போகும், மூளை வீங்கும், இரத்தம் கசியும். 'கொசுவழி' என்று படித்த மாணவன் கொசுவலையைத் தேடுவான், கையுறையை மறப்பான். ஊர்ப்பெயர் ஒன்றும் சொல்லாது, தவறாகவும் சொல்லாது.

ம. எழுதியது:
கருத்து சரி, அம்மா. ஆனால் பள்ளத்தாக்கில் உள்ள 'தாக்கு' நிலத்தைக் குறிப்பது. நோய்ப்பெயரில் நின்றால் தாக்குதல் என்றே காதில் விழும். விடருக்கு அந்தக் குறை இல்லை.

க. எழுதியது:
நன்றி. 'பிளவுப் பள்ளத்தாக்குக் காய்ச்சல்' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் பிறைக்குறிக்குள் ரிஃப்ட் வேலி, பிறகு 'பி.ப. காய்ச்சல்'. மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள். வ. அம்மா சொன்ன கையுறைச் செய்தியை அதே பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுகிறேன்.

ச. எழுதியது:
அச்சுக்குப் போகட்டும். சுருக்கெழுத்து எனக்கு ஒப்பவில்லை. பி.ப. என்றால் பிற்பகல்.