சர்க்கரை நோயோடு மனச்சோர்வும்: இரண்டு சிகிச்சையையும் யார் இணைப்பது?

கேள்வி: வருமானம் குறைந்த நோயாளிகள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கூடவே மனச்சோர்வு. மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பலர் போவதே இல்லை. எங்கே நழுவுகிறது?

பதில் 1: சீட்டோடு விட்டால் அப்படித்தான். இன்னொரு நாள் வரச் சொன்னால் இன்னொரு நாள் கூலி போகும். இரண்டு சந்திப்பையும் ஒரே நாளில் வையுங்கள். மருத்துவரே ஆலோசகரை அறைக்குள் அழைத்து அறிமுகம் செய்துவைக்கட்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் 10 அல்லது அதற்கு மேல் வந்தவரைப் பதிவேட்டில் ஏற்றி, ஒரு செவிலியரைப் பொறுப்பாக்குங்கள். வாரம் ஒருமுறை அவரும் மனநல மருத்துவரும் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், மதிப்பெண் இறங்காதவர்கள் முதலில். 8 முதல் 12 வாரத்தில் பாதியாகக் குறையாவிட்டால் சிகிச்சையை மாற்றணும். 9-ஆவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே பேசாமல் அனுப்பாதீர்கள்.

பதில் 2: சர்க்கரை மருத்துவருக்கும் மனநல மருத்துவருக்கும் மாத்திரைப் பட்டியல் ஒன்றே இருக்கட்டும். ஓலன்சாபின் என்ற மனநல மாத்திரை சர்க்கரையை ஏற்றும். அது தெரியாமல் இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் எடுப்பவருக்கு ரத்த அழுத்தத்துக்கென்று தயாசைடு (சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை) சேர்த்தால் லித்தியம் அளவு ஏறி நச்சாகும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

பதில் 3: போன் எண் அடிக்கடி மாறும். சம்மதம் கேட்டு இன்னொருவர் எண்ணையும் வாங்குங்கள். வீட்டில் பலர் எடுக்கும் போன் என்றால் குறுஞ்செய்தியில் நோயின் பெயர் வேண்டாம்.