நூக்கில் தங்க ஹோட்டலா, வாடகை வீடா?

வெண்சங்கு:
செப்டம்பரில் கோப்பன்ஹேகன் வழியாக கிரீன்லாந்தின் தலைநகர் நூக் போகிறோம். அம்மாவும் வருகிறார், சுத்த சைவம். ஹோட்டல் கட்டணம் மலைக்க வைக்கிறது. சமையலறை உள்ள வீடாக எடுத்துவிடலாமா?

கொடிமுல்லை:
வீடேதான். அங்கே உணவகங்களில் மீன், கலைமான், கஸ்தூரி எருது இறைச்சிதான் பிரதானம். அம்மா எத்தனை வேளை ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவார்? புருக்சேனி, பிசிஃபிக் கடைகளில் அரிசி, கோஸ், கேரட் கிடைக்கும். காய்கறி பெரும்பாலும் டென்மார்க்கிலிருந்து வருவதால் விலை அதிகம்தான், ஆனாலும் மூன்று வேளையும் வெளியே சாப்பிடுவதைவிடக் குறைவு. பருப்பு, ரசப்பொடி மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

வடகடல்:
வயதான அம்மாவோடு என்றால் நான் ஹோட்டலைத்தான் சொல்வேன். கிரீன்லாந்தில் ஊருக்கு ஊர் சாலையே கிடையாது. விமானம், ஹெலிகாப்டர், கப்பல்தான். மூடுபனி இறங்கினால் எல்லாம் நின்றுவிடும். திரும்பும் விமானம் ரத்தானால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? அடுத்து வருபவருக்கு வீட்டைக் கொடுத்தாக வேண்டுமே. ஹோட்டல் என்றால் வரவேற்பில் கேட்க ஓர் ஆளாவது இருப்பார்.

கொடிமுல்லை:
அது காங்கர்லுசுவாக் என்ற வேறோர் ஊரின் விமான நிலையத்தில் இறங்கி, நூக்குக்குச் சின்ன விமானம் மாறிய காலத்துக் கவலை. 2024 நவம்பர் 28 அன்று நூக்கில் 2,200 மீட்டர் ஓடுபாதை திறந்தாகிவிட்டது. இப்போது கோப்பன்ஹேகனிலிருந்து நேராகவே வந்து இறங்கலாம்.

வடகடல்:
ஓடுபாதை நீண்டால் மூடுபனி குறைந்துவிடுமா? பெரிய விமானம் ஒன்று ரத்தானால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அறை தேடுவார்கள். சுமார் 20,000 பேர் வாழும் ஊர் அது, எத்தனை அறை இருக்கும்? இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. நூக்கில் அரசு வாடகை வீட்டுக்கு உள்ளூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அங்கே குடியிருக்க வேண்டிய வீட்டில் நாம் போய் நாலு நாள் தங்குவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

கொடிமுல்லை:
தான் குடியிருக்கும் வீட்டையே வெளியூர் போகும்போது வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீடாகக் கேட்டு எடுத்தால் யாருடைய இடமும் பறிபோகாது. அந்த வாடகை உள்ளூர்க் குடும்பத்துக்குத்தானே போகிறது?

வடகடல்:
அதைக் கேட்டு உறுதிசெய்ய முடிந்தால் சரி. முடியாவிட்டால் என் பேச்சில் மாற்றமில்லை.

ஆர்ஹூஸ்வாசி:
தம்பிமாரே, அறையைப் பிறகு பார்க்கலாம். வெண்சங்கு, இந்தியப் பாஸ்போர்ட் என்றால் முதலில் விசாவைப் பாருங்கோ. ஒரே விசாவோடு போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் கிரீன்லாந்து இல்லை. சாதாரண ஷெங்கன் விசாவோடு கோப்பன்ஹேகன் வரைக்கும்தான் வரலாம். கிரீன்லாந்துக்கும் செல்லும் என்று விசாவில் தனியாகக் குறித்திருக்க வேணும். விண்ணப்பிக்கும்போதே அதைக் கேளுங்கோ.

வெண்சங்கு:
இது தெரியாமல் முன்பணம் கட்டப் பார்த்தேன், நன்றி அண்ணா. விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் ஹோட்டல் அறையைப் பிடித்து வைக்கிறேன். கொடிமுல்லை சொன்ன மாதிரி வீட்டுக்காரர்களிடமும் விசாரிக்கிறேன்.