புதுப்பிப்பு: கீமோ வாய்ப்புண் பதிவுக்கு வந்த இரண்டு கேள்விகள்

கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுக்கும் பிள்ளைகளின் வாய்ப்புண்ணுக்கு உப்பு, சோடா கொப்பளிப்பு பற்றி எழுதியிருந்தோம். பலர் அளவு கேட்டிருந்தீர்கள்.

காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர் (250 மில்லி), சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு அதில் பாதி. சாப்பிட்டதும், படுக்கும் முன்னும். உப்பு கூடினால் எரியும்; அடுத்த தடவை பிள்ளை வாயே திறக்காது. துப்பத் தெரியாத குழந்தைக்கு, சுத்தமான காஸ் துணியை இதில் நனைத்து ஈறை மெல்ல ஒற்றி எடுங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

"ஜிகர்தண்டா குளிர்ச்சிதானே, கொடுக்கலாமா?" தொற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளணு குறைந்திருக்கும்போது கடை ஐஸ் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான கீமோ மருந்துகளில், மருந்து கொடுத்த 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை அந்தக் குறைவு இருக்கும். குழைந்த சாதம், ஆறவைத்த இட்லி போதும்; புளியும் மிளகாயும் தள்ளி வையுங்கள்.

காய்ச்சல் வேறு கதை. 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டாலே மருத்துவமனைக்குப் போன். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: சூடு இறங்கும், தொற்று இறங்காது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது. உசிலம்பட்டி, பேரையூர் பக்கமிருந்து மதுரை வரவே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். ராத்திரிக்குக் கூப்பிட வேண்டிய வண்டி நம்பரை இன்றே சிகிச்சை நோட்டில் எழுதி வையுங்கள்.