பின்னல், தையல், ஓலை எல்லாம் கையில் இருக்கும்போது ரெசினும் பழகலாமா?

ஊசிநூல் (புதுக்குடியிருப்பு):
எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சின்னதில் இருந்தே கைவேலை என்றால் உயிர். குரோஷே பின்னுவேன், சட்டையில் பூ வேலை செய்வேன், அம்மம்மாவிடம் பழகினபடியால் பனை ஓலையில் பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, சின்னக் கடகம் (கூடை) இழைப்பேன். போன வருசம் கயிற்றை முடிச்சுப் போட்டுச் செய்கிற மக்ரமேயும் தொடங்கினேன். இப்போது யூரியூப்பில் பூவை உள்ளே வைத்து ரெசின் (இரண்டு திரவத்தைக் கலந்தால் கண்ணாடி மாதிரி இறுகுகிற பிசின்) ஊற்றி எடுக்கிறதைப் பார்த்ததில் இருந்து மனம் அங்கேயே நிற்கிறது. வீட்டில் "முதலில் தொடங்கினதை முடி பிள்ளை" என்கிறார்கள். எனக்கோ ஒன்றையும் விட விருப்பமில்லை. நாலைந்து வேலை வைத்திருக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ரெசினில் இறங்கட்டுமா, பொறுக்கட்டுமா?

வடலி (மாங்குளம்):
தங்கச்சி, ஒன்றையும் விட வேண்டாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் விரிக்காதீர்கள். ஓலைக்கு வெயில் காலம்தான். குருத்தோலையை வெட்டிக் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி வார்ந்து, நிறம் வேண்டுமென்றால் கொதிக்கிற சாயத்தண்ணீரில் அவித்துத் திரும்பவும் உலர்த்தி எடுப்பதை எல்லாம் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்தால் ஓலை காயாது, பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும். கார்த்திகை மார்கழி முழுக்க வீட்டுக்குள் குரோஷேயும் பூ வேலையும். நான் இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் முட்டுப்படுவதில்லை.

குளக்கட்டு (வவுனியா):
நான் ரெசின் செய்கிறேன், அதனால் சொல்கிறேன். வடலி அக்காவின் கணக்கு இந்த இடத்தில் இடிக்கும், ஏனென்றால் ரெசினுக்கும் வெயில் காலம்தான் நல்லது. காற்றில் ஈரம் கூடினால் மேற்பரப்பு மங்கிப் போகும். பூவும் ஒட்ட உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் உள்ளேயே பழுத்து நிறம் மாறும். இரண்டு போத்தலையும் அதில் போட்டிருக்கிற அளவுப்படியே கலக்க வேண்டும், பிசகினால் இறுகாமல் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். குசினியில் செய்யவே கூடாது. கையுறை, மாஸ்க், நல்ல காற்றோட்டம் கட்டாயம்.

அப்புறம் ஒன்று பாருங்கள், எதை இடையில் வைத்துவிட்டு எழும்பலாம் என்று. குரோஷேயில் கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டுப் போகலாம், மாதம் கழித்தும் தொடரலாம். மக்ரமே ஆணியில் தொங்கும். கலந்த ரெசின் உங்களுக்காகக் காத்திருக்காது. குழந்தை அழுதாலும் ஊற்றி முடித்துத்தான் எழும்ப வேண்டும்.

நார்க்கடகம் (முள்ளியவளை):
பிள்ளை, நான் வேறு மாதிரிச் சொல்கிறேன். அம்மம்மா இருக்கிறா என்றால் இந்த வருச வெயில் காலத்தை அவவுக்கே கொடுங்கள். சின்னக் கடகம் தெரியும் என்கிறீர்கள், சரி. இரட்டையாய் இழைத்து, விளிம்பை நாரால் பொத்துகிற (தைக்கிற) பெரிய கடகம் தெரியுமா? மூலை திருப்புகிற இடத்தில் ஓலையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பக்கத்தில் இருந்து கை பிடித்துக் காட்டினால்தான் வரும், வீடியோவில் தெரியாது. எங்கள் பக்கம் போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பனையும் குறைந்திருந்தது, இழைக்கத் தெரிந்த கிழவிகளும் குறைந்திருந்தார்கள். 2009-க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளில் பெரிய கடகம் இழைக்கிற ஒருவரை நான் இன்னும் காணவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. ரெசின் போத்தல் அடுத்த வருசமும் கடையில் இருக்கும்.

ஊசிநூல்:
நார்க்கடகம் அன்ரி, நீங்கள் சொன்னதை அம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், அவ உடனே நார் கொண்டுவா என்கிறா. ரெசின் அடுத்த வருசம். நார் காய்ந்த மட்டையில் எடுக்கலாமா?

நார்க்கடகம்:
காய்ந்ததில் உரியாது, முறியும். பச்சை மட்டையாய் வெட்டுவித்து, இரண்டு பக்கக் கருக்கையும் (பல் மாதிரி இருக்கிற விளிம்பு) சீவிவிட்டு, உட்பக்கத்து அகணி நாரை உரியுங்கள். காயவைத்து எடுத்து வையுங்கள். பொத்துவதற்கு முன் தண்ணீரில் ஊறப் போட்டால் வளைந்து கொடுக்கும்.