லீன் மிக்ஸ்சருக்குத் தமிழ் என்ன?

மட்டக்களப்பிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வாகனத் திருத்தம் படிக்கும் பிள்ளைகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் நிற்கிறேன். பெற்றோல் எஞ்சினில் ஒரு பங்கு பெற்றோலுக்குத் திணிவுப்படி 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. காற்றின் பங்கு ஏறினால் லீன், பெற்றோலின் பங்கு ஏறினால் ரிச். ஸ்கேனரில் லீன் என்று சொல்லும் பி0171 என்ற பழுதுக் குறியீடு விழுந்து, அழித்தாலும் திரும்பத் திரும்ப வருகிற பழுதுக்கு முழு அத்தியாயமே இருக்கிறது. 'மெலிந்த கலவை' என்று எழுதி வகுப்பில் கொடுத்தேன். வாசித்துவிட்டு ஒருவன், "பெற்றோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்கு மிஸ், டாங்கியைக் கழுவணும்" என்கிறான். வேறு சொல் தாருங்கள்.

காரைதீவிலிருந்து:

மகள், 'ஐது' இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்? ஐதான அமிலம், செறிந்த அமிலம் என்று இரசாயனவியலில் எல்லோரும் படித்ததுதானே. ஐதான கலவை, செறிந்த கலவை, முடிந்தது. உரியியலில் 'ஐ வியப்பாகும்' என்கிறார் தொல்காப்பியர். மென்மையானதைக் கண்டால் வியப்பு வரும், அந்த ஐயிலிருந்துதான் ஐது வந்திருக்கும் என்பது என் நெடுநாள் எண்ணம், ஐயனும் ஐயையும் கூட அதே வேர்தான், அதை இன்னொரு மடலில் விரிவாக எழுதுகிறேன். பெற்றோலையும் 'கன்னெய்' என்று மாற்றிவிடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:

சேர், குறை நினைக்க வேண்டாம். ஐதான அமிலம் என்றால் தண்ணீர் சேர்த்த அமிலம். ஐதான கலவை என்று எழுதினால் அந்தப் பிள்ளை மறுபடியும் டாங்கியைத்தான் கழற்றுவான். கன்னெய் என்று கேட்டால் பெற்றோல் செட்டில் எருமை நெய்தான் கிடைக்கும்.

போன கிழமை கராஜுக்கு வந்த கார் ஒன்றைச் சொல்கிறேன். வேறெங்கோ பம்ப் மாற்றி, இஞ்செக்டர் கழுவி, ஒட்சிசன் சென்சரும் புதிதாகப் போட்டிருந்தார்கள். செக் எஞ்சின் லைட் அணைகிறது, இரண்டு நாளில் திரும்ப எரிகிறது. ஃபியூவல் ட்ரிம்மை, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கைப் பார்த்தேன். ஐட்லிங்கில் 22 வீதம் கூட்டிக் கொடுக்கிறது, 2500 சுற்றில் பிடித்தால் 4க்கு இறங்குகிறது. பெற்றோல் போதாவிட்டால் மிதிக்க மிதிக்க ஏற வேண்டுமே தவிர இறங்கக் கூடாது. அப்போ எங்கேயோ கள்ளக் காற்று. ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், உறிஞ்சல் அதிகம், அதனால் சின்ன ஓட்டையும் பெரிய பங்கைத் தின்னும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப உறிஞ்சல் பக்கம் கொண்டுபோகிற பீசீவீ ஹோஸ் மேலே புதிது மாதிரித்தான் இருந்தது, அடியில் கையை விட்டுத் தடவினால் வளைவில் நகம் இறங்குகிற வெடிப்பு. சூடானால்தான் விரிகிறது, அதனால்தான் குளிர் எஞ்சினில் பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை.

லீன் என்றே எழுதுங்கள். ஏசுகிறவர்கள் ஏசட்டும்.

கல்முனையிலிருந்து:

காக்கா, 'கள்ளக் காற்று' அருமை, அதை அப்படியே கையேட்டில் போடலாம். லீனுக்கு 'வளிமிகு கலவை', ரிச்சுக்கு 'வளிகுறை கலவை'. பாடப்புத்தகச் சொல்லும் வளிதான், வள்ளுவரும் பக்கத்தில் நிற்கிறார்: 'மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று'.

அக்கரைப்பற்றிலிருந்து:

தம்பி, வள்ளுவர் சொன்னது வாதம், பித்தம், கபம். பீசீவீ ஹோஸ் இல்லை. பம்ப் களைத்து, ஃபில்டர் அடைத்தாலும் லீன்தான் வரும். அப்போது காற்று அளவாகத்தான் வந்திருக்கும், பெற்றோல்தான் வந்திருக்காது. வளிமிகு என்று படித்தவன் ஹோஸைத் தடவிக்கொண்டே இருப்பான். இன்னும் ஒன்று, சென்சருக்குப் பெற்றோல் தெரியாது, ஒட்சிசன் மட்டும்தான் தெரியும். ஒரு பிளக் அடிக்காமல் விட்டால் எரியாத ஒட்சிசன் அப்படியே வெளியே வரும், சென்சர் லீன் என்று சொல்லிவிடும். சென்சருக்கு முன்னால் சைலன்சர் பைப் வெடித்திருந்தாலும் அதே கதைதான். கலவையில் ஒரு பிழையும் இருக்காது. பெயர் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கட்டும்.

காரைதீவிலிருந்து:

1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்கு முன்னின்ற விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். 'லீன் என்றே எழுதுங்கள்' என்பதை என்னால் ஏற்க முடியாது. இரசாயனவியல் மாணவனுக்கு விளங்குகிற சொல் வாகன மாணவனுக்கு மட்டும் எப்படி விளங்காமல் போகும்? ஆசிரியர் விளக்கத்தானே வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து:

சேர், விளக்கிவிட்டுத்தான் மண்ணெண்ணெய்ப் பதில் வாங்கினேன். இடையில் 'செறிவு குறைந்த கலவை' என்றும் ஒன்று வந்தது, எழுதியவர்களில் கூடுதலானோர் அதற்குச் சம்மதம் என்கிறார்கள், யாருக்கும் அதில் ஆசை இருப்பதாகத் தெரியவில்லை. நீளம்தான், ஆனால் காற்றா பெற்றோலா என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லவில்லை. முதல் இடத்தில் பக்கத்தில் லீன் என்று போடுகிறேன், ஸ்கேனரில் அதுதானே வரும். கள்ளக் காற்றை ஹோஸ் படத்துக்குக் கீழே எழுதிவிட்டேன்.

கல்முனையிலிருந்து:

கராஜில் ஒருத்தரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சரி, போடுங்கள்.

காரைதீவிலிருந்து:

என் வாக்கு இப்போதும் ஐதுக்குத்தான், பதிவாகட்டும். அது கிடக்க, ஃபியூவல் ட்ரிம்முக்கு என்ன போட்டீர்கள் மகள்?

மட்டக்களப்பிலிருந்து:

ட்ரிம் என்றே விட்டிருக்கிறேன் சேர். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பேசுவோம்.