வாஷிங்டன் நகரம் ஏன் உயரவில்லை?

கேள்வி – தெருவோரன்

அலுவல் நிமித்தமாகப் பத்து நாட்கள் வாஷிங்டனில் தங்கியிருந்தேன். நகரின் நடுப்பகுதியில் எவ்வளவு நடந்தும் பன்னிரண்டு பதின்மூன்று மாடிகளுக்கு மேற்பட்ட கட்டிடம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் பொடோமாக் ஆற்றைக் கடந்து வர்ஜீனியா மாநிலத்தின் ராஸ்லினுக்குச் சென்றால் முப்பது மாடிகளைத் தாண்டிய கட்டிடங்கள் நிற்கின்றன. நாடாளுமன்றக் கட்டிடத்தின் குவிமாடத்தைவிட எதுவும் உயர்ந்து நிற்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாக டாக்சி ஓட்டுநர் சொன்னார். அது உண்மையா? பணத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் குறைவில்லாத ஒரு தலைநகரம் இப்படித் தாழ்ந்தே இருப்பதற்கு வேறு காரணம் உண்டா?

மறுமொழி – பழைய வரைபடம்

டாக்சி ஓட்டுநர்கள் மட்டுமல்லர், அந்நகரத்தவர் பலரும் இதையே சொல்வார்கள்; ஆனால் இன்று நடைமுறையில் இருக்கும் 1910ஆம் ஆண்டுச் சட்டம் குவிமாடத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. குவிமாடத்தின் உயரம் 288 அடி. சட்டம் பொதுவாக அனுமதிக்கும் உச்ச உயரமோ 130 அடிதான். குவிமாடத்தைக் காப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், அதில் பாதி உயரத்தைக்கூட எட்டவிடாமல் தடுத்திருக்க வேண்டியதில்லை.

உண்மையில் இந்தச் சட்டத்துக்கு வித்திட்டது கெய்ரோ என்ற ஒரே ஒரு குடியிருப்புக் கட்டிடம். டி. எஃப். ஷ்னைடர் என்ற கட்டிடக் கலைஞர், சிறிய வீடுகள் நிறைந்த ஒரு தெருவில் 1894இல் அதை 164 அடி உயரத்துக்கு எழுப்பினார். தீப்பிடித்தால் மேல்தளங்களுக்கு ஏணி எட்டாதே என்று அக்கம்பக்கத்தார் அஞ்சினார்கள். வெளிச்சமும் காற்றும் மறைக்கப்படும் என்ற மனக்குறையும் இருந்தது. நகர நிர்வாகம் அதே ஆண்டில் உயரத்துக்கு வரம்பு விதித்தது. 1899இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. 1910இல் அது திருத்தி எழுதப்பட்டது. வணிகத் தெருக்களில் தெருவின் அகலத்தோடு 20 அடியைக் கூட்டினால் வருவதே அனுமதிக்கப்பட்ட உயரம். பென்சில்வேனியா அவென்யூவின் ஒரு பகுதிக்கு மட்டும் 160 அடி வரை விலக்கு உண்டு. ஆகவே அந்நகரில் கட்டிடத்தின் உயரத்தைத் தெருவே தீர்மானிக்கிறது. எல்லா உரிமையாளர்களும் அந்த வரம்பைத் தொடும்வரை கட்டியதால்தான், கூரைகள் கத்தியால் வெட்டியதுபோல் ஒரே மட்டத்தில் தெரிகின்றன.

மறுமொழி – கல்மண்டபம்

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இந்த எண்ணம் கெய்ரோவுக்கு நூறாண்டு முற்பட்டது. தலைநகரம் திட்டமிடப்பட்ட 1790இலேயே, பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸை எடுத்துக்காட்டி உயர வரம்பைப் பரிந்துரைத்திருக்கிறார். வீடுகள் தாழ்வாக இருந்தால் நிலத்தின் விலை ஏறாது, தெருக்களில் வெளிச்சமும் காற்றும் இருக்கும், தீயை அடக்குவதும் எளிது என்பவை அவர் காட்டிய காரணங்கள். தூதராகப் பாரிஸில் வாழ்ந்தவர் என்பதால் அவை நேரில் கண்டு சொன்னவை.

அந்தப் பாரிஸும் ஒருமுறை தன் வழக்கத்தை மீறிப் பார்த்தது. 1973இல் சுமார் 210 மீட்டர் உயர மோன்பர்னாஸ் கோபுரம் எழுந்தது. அதன்மேல் எழுந்த வெறுப்பின் சூட்டில் 1977இல் நகரின் மையப்பகுதிக்கு 25 மீட்டரும் பிற பகுதிகளுக்கு 37 மீட்டரும் வரம்பாயின. உயர்ந்த அலுவலகங்கள் நகர எல்லைக்கு வெளியே லா டிஃபான்ஸில் குவிந்தன, ராஸ்லினைப் போலவே. ஆனால் கவனியுங்கள்: ஆறேழு மாடிகளே கொண்ட பாரிஸில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 20,000 பேர் வாழ்கிறார்கள். வாஷிங்டனில் அது ஐயாயிரத்தையும் எட்டாது. கட்டிடங்கள் தாழ்வாக இருந்தால் மக்கள்நெருக்கம் குறைந்துவிடும் என்று நாம் நினைப்பது தவறு. இடைவெளியின்றித் தெருவை ஒட்டிக் கட்டினால் ஆறு மாடியே ஏராளமான குடும்பங்களுக்குப் போதும்.

மறுமொழி – நிலைப்பளு

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சுருக்கமாக: ஏணி எட்டாத உயரத்தில் கட்டிடமே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். புகை புகாத படிக்கட்டு, தனி நீரேற்றும் பம்பு, கூடுதல் லிஃப்டுகள் எல்லாம் ஒவ்வொரு தளத்திலும் இடத்தைத் தின்றுவிடும். பிரான்சில் அலுவலகக் கட்டிடம் 28 மீட்டரையும் குடியிருப்பு 50 மீட்டரையும் தாண்டினால் கடுமையான தீப்பாதுகாப்பு விதிகள் பொருந்தும். தடை இல்லாத ஊர்களிலும் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுவதற்குச் செலவே காரணம்.

மறுமொழி – வாடகைக்குடி

ஜெஃபர்சன் நில விலை ஏறாது என்றார். இன்றைய வாதமோ அதற்கு நேர்மாறானது. இடம் தேடுவோர் பெருகும்போது மேலே கட்ட வழியில்லை என்றால் வாடகைதான் உயரும். மாநகராட்சியின் திட்ட அலுவலகம் 2013இல் வரம்பைத் தளர்த்தக் கோரியது. ஆனால் சட்டம் நாடாளுமன்றத்தின் கையில் இருப்பதால் நகரம் தானாக எதையும் மாற்ற முடியாது. மொட்டைமாடியில் உள்ள கூடுதல் தளத்தை மக்கள் பயன்படுத்தலாம் என்ற சிறு சலுகை மட்டுமே 2014இல் கிடைத்தது. ஆயினும் பழி முழுவதையும் அந்தச் சட்டத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. வாஷிங்டனின் பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் மண்டல விதிகள் (எந்தப் பகுதியில் எதை, எவ்வளவு கட்டலாம் என்று வகுக்கும் விதிகள்) அனுமதிக்கும் உயரம் அதைவிடவும் மிகக் குறைவு. இரண்டு மாடி வீடுகளின் வரிசையை ஐந்து மாடியாக்குவதற்கு எந்த நாடாளுமன்றமும் குறுக்கே நிற்கவில்லை, அக்கம்பக்கத்தார்தான் நிற்கிறார்கள்.

தெருவோரன்

அனைவருக்கும் நன்றி. தெருவின் அகலம்தான் அளவுகோல் என்பது எனக்குப் புதிய செய்தி. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறோம். அங்கே அளவுகோல் கோபுரம். தெருவையும் அங்கே கணக்கில் எடுத்திருந்தால் மாசி வீதிகளும் அவற்றுக்கு இடையிலுள்ள சந்துகளும் வெவ்வேறு உயரம் பெற்றிருக்குமோ என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். நகரமைப்பு அறிந்தவர்கள் இதுபற்றித் தனி இழையில் எழுதினால் மகிழ்வேன்.